இந்த வருஷம் கிறிஸ்மஸ் மரம்: பிளாஸ்டிக்கா, சவுக்கா, தொட்டிச் செடியா?

பெரம்பூர்வாசி:
எல்லாருக்கும் வணக்கம், கேள்வி கொஞ்சம் நீளம், பொறுத்துக்கோங்க. நாங்க பெரம்பூர்ல பிளாட்ல மூணாவது மாடி. வீட்ல ஆறடி பிளாஸ்டிக் மரம் ஒண்ணு இருக்கு, கல்யாணமான புதுசுல பாரிமுனை பக்கம் வாங்குனது, இப்ப அதோட ஸ்டாண்டுல ஒரு கால் உடைஞ்சு போச்சு, மேல்பாகம் ஒரு பக்கமா சாயுது, தொட்டா இலை கொட்டுது. சரி புதுசு வாங்கிடலாம்னு பாத்தா எட்டாவது படிக்கிற எங்க பொண்ணு ஸ்கூல்ல ஈகோ கிளப்ல, அதான் சுற்றுச்சூழல் மன்றத்துல இருக்கா, பிளாஸ்டிக் கூடவே கூடாது நிஜ மரம்தான் வேணும்னு ஒத்தக்கால்ல நிக்கிறா. வீட்டுக்காரரு என்னடான்னா ஒரு வாரத்துக்காக மரத்தை வெட்டுறது மட்டும் நல்ல காரியமான்னு கேக்குறாரு. ரெண்டு பேர் சொல்றதும் சரியாத்தான் படுது. இதுபோக சர்ச்சுல இந்த வருஷம் ஆல்டர் அலங்காரம் எங்க பெண்கள் ஐக்கிய சங்கத்து பொறுப்பு, அங்க பத்தடிக்காவது ஒண்ணு நிக்கணும். என்ன பண்ணலாம்? "மரம் எதுக்கு, மனசு போதும்"னு தயவுசெஞ்சு யாரும் வந்துடாதீங்க, அதை எங்க சர்ச் அய்யரே (பாஸ்டர்) சொல்லிட்டாரு.

குமரிக்காரி:
அக்கா நான் நாகர்கோவில் பக்கம். எங்க சின்ன வயசுல பிளாஸ்டிக் மரத்தை யாரு கண்டா, கிறிஸ்மஸுக்கு ரெண்டு மூணு நாள் இருக்கையில அப்பா எங்கயிருந்தாவது ஒரு சவுக்கு கொப்பு கொண்டு வருவாவ, காலி பெயிண்ட் டப்பால மணலைப் போட்டு நட்டு, டப்பாவைச் சுத்தி கலர் பேப்பர் ஒட்டி, கொப்பு பூரா பஞ்சைப் பிச்சுப் பிச்சு வச்சு பனின்னு சொல்லிக்கிடுவோம். பனியை நேர்ல பாத்த ஆளு எங்க தெருவுல ஒருத்தரும் கிடையாது, ஆனா பஞ்சு எவ்வளவு வச்சா சரியா இருக்கும்னு எல்லாருக்கும் ஒரு அபிப்பிராயம் உண்டு. பலூன் நாலு, ஜிகினா தாள், நட்சத்திரம், கீழ குடில் இல்லைன்னா ஒரு சின்ன தொழுவம், அவ்வளவுதான். கேரல் ரவுண்ட்ஸ் வாரவங்க முன்னாடி அது நல்லாத்தான் இருந்துச்சு. பிளாஸ்டிக் வந்தது எல்லாம் அப்புறம்.

கணக்குப்புள்ள:
முதல்ல ஒண்ணு, புதுசா எதையும் வாங்காதீங்க. நம்பர் சொல்றேன். பிரிட்டன்ல கார்பன் டிரஸ்ட்னு ஒரு அமைப்பு இதை கணக்கு போட்டு வச்சிருக்காங்க. ரெண்டு மீட்டர் பிளாஸ்டிக் மரம் ஒண்ணு தயாராகி கடைக்கு வர்றதுக்குள்ள ஏறக்குறைய 40 கிலோ கார்பன் டை ஆக்சைடுக்கு சமமான புகை காத்துல கலந்துடுது. அதே உயர நிஜ மரம், பண்டிகை முடிஞ்சதும் குப்பைமேட்டுக்கு போனா 16 கிலோ. குப்பைமேட்டுக்கு விடாம துருவி உரமாக்குனாலோ எரிச்சாலோ வெறும் 3.5 கிலோ. அதாவது நிஜ மரம்னு வாங்கிட்டு அதை குப்பை லாரில ஏத்தி விட்டா பாதி நல்லது அங்கயே போச்சு, ஏன்னா குப்பைக்கு அடியில காத்து படாம மக்குறப்ப மீத்தேன் வருது, அது கார்பன் டை ஆக்சைடை விட பல மடங்கு சூடாக்குற வாயு. இதெல்லாம் பிரிட்டன் கணக்கு, அங்க மரம் பண்ணையில இருந்து வருது, நம்ம ஊருக்கு அப்படியே பொருந்தாது, ஆனா எதுக்கு எது பெருசுன்னு தெரிஞ்சுக்க இது போதும்.

இப்ப உங்க மரத்துக்கு வருவோம். பொண்ணு எட்டாவதுன்னா அந்த மரத்துக்கு எப்படியும் பத்து வயசுக்கு மேல இருக்கும். அந்த 40 கிலோ என்னிக்கோ செலவாகிப் போச்சு, இனிமே அதை தூக்கிப் போட்டாலும் திரும்ப வராது. இனிமே அதை நிப்பாட்டுற ஒவ்வொரு வருஷமும் இலவசம் மாதிரிதான். உடைஞ்சது ஸ்டாண்டு தானே, ஒரு பக்கெட்ல மணலை ரொப்பி உள்ள சொருகுங்க, சாயுற இடத்துல கட்டுக்கம்பியால ரெண்டு சுத்து, மேல ஒரு பழைய சேலையை சுத்தி விட்டா யாருக்குத் தெரியப் போகுது.

சும்மா_ஒரு_கேள்வி:
கேக்குறேன்னு தப்பா நினைக்காதீங்க, வருஷத்துல ஒரு தடவை வர்ற பண்டிகை, அதுல ஒரு மரம், அதுக்கு இவ்வளவு ஆராய்ச்சியா? பண்டிகைன்னு வந்தாதான் எல்லாருக்கும் சுற்றுச்சூழல் ஞாபகம் வருது, தீபாவளிக்கு பட்டாசு, சதுர்த்திக்கு பிள்ளையார், இப்ப கிறிஸ்மஸுக்கு மரம். வருஷம் பூரா ஏசி போட்டுட்டு தூங்குறவன் எல்லாம் அந்த ஒரு நாள் மட்டும் வந்து பாடம் எடுப்பான்.

கணக்குப்புள்ள:
நீங்க சொல்றதுல பாதி ஒத்துக்குறேன். ஒரு லிட்டர் பெட்ரோல் எரிஞ்சா சுமார் 2.3 கிலோ. சென்னையில இருந்து நாகர்கோவில் 700 கிலோமீட்டர் வச்சுக்கோங்க, கார்ல போய்ட்டு வந்தா லிட்டருக்கு 15 கொடுத்தாலும் தொண்ணூறு லிட்டருக்கு மேல, இருநூறு கிலோவை தாண்டிடும். அஞ்சு பிளாஸ்டிக் மரம் அதுல அடங்கும். அதனால கார்பனை மட்டும் பாத்தா ரயில்ல டிக்கெட் எடுக்குறதுதான் உருப்படியான கிறிஸ்மஸ் தீர்மானம், டிக்கெட் கிடைச்சா.

ஆனா மரத்துல பிரச்சனை கார்பன் மட்டும் இல்லையே. அந்த பச்சை இலை பெரும்பாலும் பிவிசி, நடுவுல இரும்புக் கம்பியில முறுக்கியிருப்பான், ரெண்டையும் பிரிக்க முடியாது, அதனால பழைய இரும்புக்காரர் கூட எடுக்க மாட்டார். பிவிசியை எரிக்கவும் கூடாது, விஷப் புகை வரும். கொடுங்கையூர்லயோ பெருங்குடியிலயோ போய் கிடக்கும், நம்ம பேரன் பேத்தி காலத்துக்கும். அதான் சொல்றேன் இருக்குறதை விடாதீங்க, இல்லாதவங்க வாங்காதீங்க.

ஸ்கார்பரோ_அண்ணை:
வணக்கம் பிள்ளையள். நான் ரொறன்ரோவில இருந்து எழுதுறன். இஞ்ச நாங்கள் உண்மையான மரம்தான் வாங்கிறனாங்கள், பேர் ஃப்ரேசர் ஃபேர், சில ஆக்கள் பால்சம் ஃபேர், அதின்ர வாசம் வீடு முழுக்க நிக்கும். பலபேர் நினைக்கிறது காட்டில போய் வெட்டிறது எண்டு, அப்பிடி இல்லை, பண்ணையில பயிர் மாதிரி நட்டு எட்டுப் பத்து வருசம் வளத்து வெட்டிறது, ஒண்டை வெட்டினால் அந்த இடத்தில கண்டு நடுவினம். வெட்டாத மரங்கள் எல்லாம் அந்தப் பத்து வருசமும் நிண்டு வளரும், குருவி கூடு கட்டும். தை மாதம் நகரசபை வீட்டு வாசலில வந்து எடுத்துக்கொண்டு போய் துருவி மரத்தூள் உரமாக்கும், ஆனால் சோடனை, வயர், பொலித்தீன் பை ஒண்டும் இருக்கக்கூடாது, இருந்தால் எடுக்காமல் விட்டிட்டுப் போயிடுவினம்.

மொன்றியலில எல்லிப்சோஸ் எண்டு ஒரு நிறுவனம் 2009இல ஒரு ஆய்வு செய்தது, பிளாஸ்டிக் மரத்தை 20 வருசம் பாவிச்சால்தான் உண்மையான மரத்துக்கு ஈடாகும் எண்டு சொல்லிச்சு. ஆனால் இஞ்ச சரி எண்டதுக்காக உங்களுக்கும் அது சரி வராது, குளிர்நாட்டு மரம் இது, உங்கட வெயிலுக்கு கப்பலில குளிர்ப்பெட்டியில ஏத்திக் கொண்டுவந்தால் அதைவிட பிளாஸ்டிக்கே மேல்.

ஒரு பக்கக் கதை: இஞ்ச கனடாவில நோவா ஸ்கோஷியா மாகாணத்தில இருந்து ஒவ்வொரு வருசமும் அமெரிக்காவில இருக்கிற பொஸ்டன் நகரத்துக்கு ஒரு பெரிய மரம் அன்பளிப்பாப் போகும். 1917 டிசம்பர் 6 அந்த மாகாணத்து ஹலிஃபக்ஸ் துறைமுகத்தில கப்பல் வெடிச்சு நகரமே அழிஞ்சபோது பொஸ்டன் ஆக்கள்தான் உடன ரயிலில மருத்துவர்களை அனுப்பினவை, அதுக்கு நன்றி.

சும்மா_ஒரு_கேள்வி:
அண்ணை இருபது வருஷம்ங்கிறீங்க, போன வாரம் நான் எங்கயோ அஞ்சு வருஷம் போதும்னு படிச்சேன். இதுல எது உண்மை?

கணக்குப்புள்ள:
அஞ்சு வருஷம்னு சொன்னது 2018ல அமெரிக்கன் கிறிஸ்மஸ் ட்ரீ அசோசியேஷன் பண்ண சொன்ன ஆய்வு. பேரைப் பாத்து ஏமாந்துடாதீங்க, அதுல இருக்குறது பெரும்பாலும் செயற்கை மரம் விக்கிறவங்க. காசு யாரோடதுன்னு பாத்துட்டு நம்பரைப் படிங்க. அதுபோக எந்த தூரம், எந்த வண்டி, கடைசில மரம் எங்க போகுது, இதை எப்படி வச்சுக்குறாங்களோ அதுக்கு தகுந்த மாதிரி விடை மாறும். அஞ்சோ இருபதோ, பெரம்பூர் அக்கா மரம் பாஸாகிற தூரத்துல இருக்கு, அதான் விஷயம்.

கொட்டாஞ்சேனை:
கொழும்பில நத்தார் வந்தால் ரோட்டோரத்தில சைப்ரஸ் மரம் கொண்டு வந்து நிறுத்தியிருப்பாங்க, நுவரெலியா, பண்டாரவளைப் பக்கத்தில இருந்து வாறது. வாசம் நல்லா இருக்கும், ஆனா எங்கட வெக்கைக்கு ஒரு கிழமையில காஞ்சு பழுப்பாயிடும், நத்தாருக்கு முதல் நாள் வாங்கினாத்தான் சரி.

மரத்துக்கு செலவழிக்கிறதைப் பத்தி கதைக்கிறதா இருந்தா எங்கட 2016 கதையை சொல்லாம விட ஏலாது. காலிமுகத்திடல்ல உலகத்திலேயே உயரமான செயற்கை மரம் எண்டு இரும்புச் சட்டம் போட்டு எழுபது மீற்றருக்கு மேல கட்டினாங்க, கின்னஸும் கிடைச்சுது. நடுவில கர்தினால் மல்கம் ரஞ்சித் ஆண்டகையே இது காசை வீணாக்கிறது எண்டு சொல்ல வேலை கொஞ்ச நாள் நிண்டு போய் பிறகு தொடங்கினது. அதில சுத்தி வர ஒட்டினது பைன் மரக் காய்களாம், லட்சக்கணக்கில. பிள்ளைகளோட போய்ப் பாத்தம், வடிவாத்தான் இருந்தது, பொய் சொல்லக்கூடாது.

டூர்பிரியன்:
நாங்க 20ம் தேதி கொடைக்கானல் போறோம், அங்க சைப்ரஸும் பைனும் ரோடு பூரா நிக்குது. வர்றப்ப கேரியர்ல ஒண்ணு கட்டிட்டு வந்துடலாமா? சும்மா ஒரு கிளைதான்.

மலைநாட்டான்:
> சும்மா ஒரு கிளைதான்

செய்யாதீங்க சார். மலைப்பகுதில மரம் வெட்ட 1955லயே தனிச் சட்டம் இருக்கு, தமிழ்நாடு மலைப்பகுதி மரங்கள் பாதுகாப்புச் சட்டம், சொந்த பட்டா நிலத்துல நிக்கிற மரத்துக்கே அனுமதி வாங்கணும். செக்போஸ்ட்ல மாட்டுனா டூரு கிறிஸ்மஸ் ரெண்டும் கெட்டுடும்.

வேடிக்கை என்னன்னா அந்த பைன், வாட்டில், யூகலிப்டஸ் எல்லாம் வெள்ளைக்காரன் காலத்துல இருந்து கொண்டு வந்து நட்ட வெளிநாட்டு மரம், சோலையையும் புல்வெளியையும் விழுங்கிட்டு நிக்குது, அதை எடுக்கச் சொல்லி ஹைகோர்ட் வரைக்கும் வழக்கு போயிருக்கு, வனத்துறையும் எடுத்துட்டுத்தான் இருக்கு. ஆனா அது அவங்க வேலை, நம்ம போய் அருவாளை எடுக்கக்கூடாது. கூடலூர் பக்கம் காட்டை மூடுற களையான உன்னிச்செடிக் குச்சியை வளைச்சு ஆளுயர யானை செய்றாங்க பழங்குடி மக்கள், பாத்திருப்பீங்க, வெளிநாடு வரைக்கும் போய் நின்னுச்சு. அதே குச்சியில கூம்பு மாதிரி ஒரு மரம் பின்னச் சொன்னா வருஷக்கணக்கா வச்சுக்கலாம், காட்டுக்கும் பாரம் குறையும்.

ராம்நாடு_ராஜா:
உன்னிச்செடிக்கு கூடலூர் வரைக்கும் போவானேன், எங்க ஊருக்கு வாங்க, சீமைக்கருவேலம் தர்றோம், எவ்வளவு வேணும், லாரி கொண்டு வாங்க. 2017ல ஹைகோர்ட் மதுரை கிளை அதை ஒழிக்கச் சொல்லி ஊரே ஜேசிபியோட இறங்குச்சு, இன்னும் அப்படியே நிக்குது. எங்க ஆலயத்து வாலிபர் சங்கத்துல காஞ்ச கருவேலங் கொப்பு ஒண்ணை எடுத்து முள்ளை எல்லாம் செதுக்கி வெள்ளை சுண்ணாம்பு அடிச்சு நட்டு வச்சோம், ராத்திரி லைட் போட்டா அசல் பனி விழுந்த மரம்தான். இலை இல்லாததால கொட்டுற பிரச்சனையும் இல்லை. முள்ளு செதுக்கையில மட்டும் தோல் கையுறை போட்டுக்கோங்க, அந்த முள்ளு ஏறுனா சீக்கிரம் ஆறாது.

குமரிக்காரி:
ராஜா அண்ணே, நட்ட கொப்பு வேர் விட்டுராம பாத்துக்கிடுங்க 😄

நெறியாளர்:
சிரிப்பு ஓகே, ஆனா இந்த இழையில பிள்ளையார், பட்டாசு சண்டையை ஆரம்பிக்க வேணாம், ரெண்டு பதிவை நீக்கியிருக்கேன். மரத்தைப் பத்தி மட்டும்.

கடலோரக்காரன்:
வணக்கம். நாங்க மரக்காணம் பக்கம், சவுக்குதான் போடுறோம், அப்பா காலத்துலேர்ந்து. சவுக்கைப் பத்தி பேச்சு வந்ததால சொல்றேன், படிக்கிறவங்க நிறைய பேருக்கு இது தெரியாது.

சவுக்கு நட்டு மூணு நாலு வருஷத்துல வெட்டு. அடிக்கட்டை காகித ஆலைக்குப் போவும், புகளூர் ஆலைக்கெல்லாம் எங்க பக்கத்துலேர்ந்து லோடு போவுது, நேரான கழி சாரம் கட்டவும் பந்தலுக்கும் போவும். மிச்சம் இருக்குற நுனியும் பக்கக் கிளையும் மிளார்னு சொல்லுவோம், அதை விறகுக்கு கட்டு கட்டி விப்போம், இல்லன்னா வேலி அடைப்போம், அதுவும் இல்லன்னா வயல்லயே கிடக்கும். நீங்க கிறிஸ்மஸுக்கு வைக்கிறது இந்த நுனிதான். உங்களுக்காக யாரும் தனியா ஒரு மரத்தை வெட்டப் போறதில்ல, வெட்டுன மரத்தோட தலைதான் உங்க வீட்டுக்கு வருது. அந்த வீட்டுக்கார சாருக்கு இதைச் சொல்லுங்க, மரத்தை வெட்டுறோம்னு மனசு கஷ்டப்பட வேணாம்.

சவுக்கு நிலத்தையும் கெடுக்காது, அதோட வேர்ல முடிச்சு முடிச்சா இருக்கும், அதுல ஒரு நுண்ணுயிர் குடியிருந்து காத்துல இருக்குற நைட்ரஜனைப் பிடிச்சு மண்ணுல சேக்கும், பயறு வகை செய்யுமே அதே வேலை. மணல் பூமில வேற எதுவும் சரியா வராத இடத்துல இது வரும். நம்ம பக்கம் இது வந்ததே ரயில் எஞ்சினுக்கு விறகு வேணும்னுதான், 1860கள்ல செங்கல்பட்டு ஜில்லாவுல வெள்ளைக்காரன் தோப்பு தோப்பா போட்டான். பாக்க பைன் மாதிரி இருந்தாலும் பைனுக்கும் இதுக்கும் சொந்தமே கிடையாது, இது பூக்குற மரம். ஊசி மாதிரி இருக்கே அது இலை இல்ல, தண்டு, ஒவ்வொரு கணுவுலயும் பல்லு மாதிரி ஒட்டிட்டு இருக்கே அதான் இலை.

ஒண்ணே ஒண்ணு, பீச்ல நிக்கிற சவுக்குல கை வைக்காதீங்க. அது சுனாமிக்கு அப்புறம் அலைக்கும் காத்துக்கும் தடுப்பா வனத்துறை போட்டது, வெட்டுனா கேஸ்.

குமரிக்காரி:
அய்யோ அந்த கணு! சின்னதுல அதை இழுத்து உருவி திரும்ப அதே இடத்துல சொருகி "எந்த கணுல ஒடைச்சேன் சொல்லு"ன்னு விளையாடுவோமே, எத்தனை பேருக்கு ஞாபகம் இருக்கு?

ஆமை_நடை:
பீச் சவுக்கைப் பத்தி ஒரு சின்ன சேர்க்கை. தடுப்புன்னு சொல்றாங்க, சரி, ஆனா அலை தொடுற மணல் வரைக்கும் நெருக்கி நட்டா பங்குனி ஆமை ஏறி வந்து முட்டை போட இடம் இல்லாம போகுது, ஜனவரியில இருந்து சென்னைக் கடற்கரையில ஆமை நடை போறவங்க இதைப் பத்தி பல வருஷமா சொல்லிட்டு இருக்காங்க. சவுக்கு நல்லதா கெட்டதாங்கிறது எங்க நட்டிருக்குன்னு பாத்துதான். விவசாயி அண்ணன் பட்டா நிலத்துல போடுற பயிரு வேற, அதுல எனக்கு ஒரு ஆட்சேபணையும் இல்லை.

கடலோரக்காரன்:
நீங்க சொல்றது நியாயந்தாங்க. எங்க ஊரு மீனவ ஜனங்களும் வலை காய வைக்க இடம் இல்லன்னு அதே புகார்தான் சொல்றாங்க.

பெரம்பூர்வாசி:
எவ்வளவு விஷயம்! பொண்ணுகிட்ட படிச்சுக் காட்டுனேன், கார்பன் கணக்கை நோட்டுல எழுதிக்கிட்டா. இப்ப அவ புதுசா ஒண்ணு கேக்குறா, தொட்டியில உயிரோட ஒரு மரம் வாங்குனா வருஷா வருஷம் அதையே வைக்கலாமே, வெட்டவும் வேணாம் பிளாஸ்டிக்கும் வேணாம்னு. நர்சரில கிறிஸ்மஸ் ட்ரீன்னே எழுதி வச்சு விக்கிறாங்களே, அடுக்கடுக்கா, அது எப்படி?

நர்சரி_செல்வி:
அது அரக்கேரியா. வியாபாரம் பண்றவ நானே சொல்றேன், எல்லாருக்கும் அது சரி வராது. பிளாட்ல வெயில் வர்ற பால்கனி இருந்தா மட்டும் வாங்குங்க. காலை வெயில் நாலு மணி நேரமாவது படணும், தொட்டியில தண்ணி தேங்கக்கூடாது, மேல் மண்ணு காஞ்சா ஊத்துனா போதும். வீட்டுக்குள்ள ஒரு வாரம், மிஞ்சிப் போனா பத்து நாள், அதுவும் ஜன்னல் ஓரம், ஃபேனுக்கு நேர் கீழயோ ஏசிக்கு எதுக்கயோ வைக்காதீங்க. வெளியில எடுக்குறப்ப உடனே உச்சி வெயில்ல தள்ளாம ரெண்டு மூணு நாள் நிழல்ல வச்சு பழக்குங்க. கனமான பொம்மையெல்லாம் தொங்கவிட்டா கிளை தொங்கிப் போயிடும், திரும்ப நிமிராது.

நிறைய பேரு செய்ற காரியம், உயரம் கூடிப் போச்சுன்னு தலையை கிள்ளி விட்டுடுவாங்க. அதோட அந்த அழகான கூம்பு வடிவம் போச்சு, அப்புறம் எப்படி வளரும்னு அதுக்கே தெரியாது. கீழ்க்கிளை காஞ்சு கொட்டுச்சுன்னாலும் அந்த இடத்துல புதுசு வராது.

இன்னொண்ணு, இது பால்கனி செடி இல்ல, நிஜமாவே மரம். அதோட சொந்த ஊரு பசிபிக் தீவு, அங்க ஐம்பது மீட்டருக்கு மேல போகும். பெங்களூர் லால்பாக்ல நிக்கிறதைப் போய் அண்ணாந்து பாருங்க புரியும். தொட்டியில கொஞ்ச வருஷம் அடங்கி இருக்கும், அதுக்கப்புறம் தரையில வைக்க ஒரு இடம் பாத்து வச்சுட்டு வாங்குங்க, சொந்த ஊரு வீடோ, சர்ச் காம்பவுண்டோ. மின்கம்பிக்கு கீழ மட்டும் வேணாம். இதுல குக் பைன்னு சொல்ற வகை எங்க நட்டாலும் பூமத்திய ரேகை இருக்குற பக்கமா சாயுமாம், 2017ல ஒரு ஆய்வுல படிச்சேன், நம்ம ஊர்ல அப்ப தெக்கு பாத்து சாயணும். நான் வித்ததை எல்லாம் போய்ப் பாக்கல.

கணக்குப்புள்ள:
செல்வி அக்கா சொன்னதை கவனிங்க. வாங்குன தொட்டிச் செடி ரெண்டு வருஷத்துல பட்டுப் போயி அடுத்தது வாங்குனா, பிளாஸ்டிக் தொட்டி, செம்மண், அதை லாரில கொண்டு வந்தது எல்லாம் சேத்து சவுக்குக் கொப்பை விட மோசம்தான்.

மணப்பாட்டு_மருமக:
மரத்தைப் பத்தியே பேசுறோமே, அதுல தொங்குறதை யாரும் பேசலையே. மரம் ஒண்ணுதான், ஆனா வருஷா வருஷம் நம்ம வாங்குறது அந்த மினுமினு ஜரிகை, கிளிட்டர் பந்து, பனி ஸ்பிரே, தெர்மாகோல் எல்லாம்தான். கிளிட்டர்னா பொடியாக்குன பிளாஸ்டிக், பெருக்குனா குப்பைக்கு, கழுவுனா கூவத்துக்கு. அலங்கார தெர்மாகோலை 2022 ஜூலை 1லேர்ந்து நாடு முழுக்க தடை பண்ணியாச்சு, ஆனா டிசம்பர் ஆனா குடிலுக்கு மலை செய்ய அதான் வந்து நிக்குது கடையில.

எங்க மாமியார் ஊரு மணப்பாடு, தூத்துக்குடி மாவட்டம். அங்க பெண்கள் பனை ஓலையில பெட்டி, கூடை, பூ எல்லாம் முடையுறது ரொம்ப காலமா நடக்குது. ஓலையில நட்சத்திரம், சின்ன மணி, குருவி எல்லாம் செஞ்சு தருவாங்க, சாயம் போட்டதும் உண்டு, நனையாம டப்பால மூடி வச்சா பல வருஷம் வரும். எங்க வீட்ல மரத்துல அதுதான், கூடவே பழைய பட்டுச்சேலை பார்டரை வெட்டி ரிப்பனா கட்டிருக்கோம். சீரியல் செட் மட்டும் எல்இடியா பாத்துக்கோங்க, பழைய குண்டு பல்பு செட்டு சூடாகும், காஞ்ச சவுக்குல அது ஆபத்து.

சும்மா_ஒரு_கேள்வி:
நான் ஏதோ கிண்டலா ஆரம்பிச்சேன், ஆனா இந்த மிளார் விஷயம் எனக்கு புடிச்சிருக்கு. நாங்க கிறிஸ்மஸ் வைக்கிறதில்லை, ஆனா எங்க அபார்ட்மெண்ட்ல கீழ் தளத்துல பொதுவா ஒரு மரம் வைப்பாங்க, வருஷம் ஒரு பிளாஸ்டிக் மரம் வாங்கி அடுத்த வருஷம் எங்க வச்சோம்னு தெரியாம இன்னொண்ணு வாங்குவாங்க. அசோசியேஷன் மீட்டிங்ல சொல்லிப் பாக்குறேன். முடிஞ்ச பிறகு அந்த சவுக்கை என்ன பண்றது? குப்பை வண்டில போட்டா மீத்தேன்னு சொல்லுவீங்க.

குமரிக்காரி:
எங்க வீட்டுல வெந்நி அடுப்புக்குத்தான், ஒரு நாளைக்கு ரெண்டு கொப்பு. சவுக்கு நல்லா நின்னு எரியும். மூணு வாரத்துல பொங்கல் வருதுல்லா, வாசல்ல பொங்கல் வைக்கிற வீட்டுக்குக் கொடுத்தா சந்தோசமா வாங்கிக்கிடுவாவ.

கணக்குப்புள்ள:
அடுப்பு இல்லாதவங்க கத்தரிக்கோலால சின்னதா நறுக்கி செடித் தொட்டி மேல பரப்பிடுங்க, மண்ணு ஈரம் காக்கும். மக்க நாளாகும், அவசரம் ஒண்ணும் இல்லையே. எரிச்சாலும் அது போன மூணு வருஷத்துல காத்துலேர்ந்து இழுத்த கார்பனைத்தான் திருப்பி விடுது, பூமிக்கடியில கிடந்த எண்ணெயைத் தோண்டி எரிக்கிற மாதிரி இல்லை. பஞ்சு, ஜரிகை, கம்பி எதுவும் ஒட்டியிருக்கக் கூடாது, அதை மட்டும் உருவிடுங்க.

பெரம்பூர்வாசி:
சரி, வீட்ல நேத்து ராத்திரி பஞ்சாயத்து முடிஞ்சுது. வீட்டுக்கு பழைய மரமேதான், வீட்டுக்காரர் கட்டுக்கம்பியோட உக்காந்து ரிப்பேர் பண்ணிட்டாரு, கொட்டுன இடத்தையெல்லாம் சுவர் பக்கமா திருப்பியாச்சு. பொண்ணுக்கு மூஞ்சி கொஞ்சம் தொங்குச்சு, ஆனா சர்ச்சுக்கு சவுக்குன்னதும் அவ ஈகோ கிளப் கூட்டத்தையே கூட்டிட்டு வர்றேன்னு சொல்லிட்டா. எங்க சங்கத்துல ரெண்டு அம்மாக்கள் மட்டும் "பக்கத்து சர்ச்சுல பன்னெண்டடி இம்போர்ட்டட் மரம் வச்சிருக்காங்க, நாம விறகு வைக்கிறதா"ன்னு கேட்டாங்க, அய்யர்தான் சமாதானம் பண்ணாரு. கடலோரக்காரன் அண்ணே, பத்தடி நுனி ஒண்ணு, சின்னது நாலஞ்சு கிடைக்குமா? டாட்டா ஏஸ் பேசி அனுப்பணும்னா எவ்வளவு ஆகும்னு தெரியல, ஒரே ஒரு மரத்துக்காக மரக்காணத்துலேர்ந்து தனி வண்டின்னா நம்ம கணக்குப்புள்ள கோவிச்சுக்குவாரு.

கணக்குப்புள்ள:
கோவிச்சுக்கத்தான் செய்வேன். வெறும் வண்டி வேணாம், காய்கறி, விறகு, கழின்னு எப்படியும் சென்னைக்கு வர்ற லோடு இருக்கும், அது மேல போட்டு விடச் சொல்லுங்க.

கடலோரக்காரன்:
தனி வண்டியெல்லாம் எதுக்கும்மா. பக்கத்துக் கொல்லையில 21, 22ல வெட்டு இருக்கு, பந்தல் கழி லோடு மாதவரத்துக்கு வருது, அதுக்கு மேல கட்டி விட்டுடறேன், நீங்க மாதவரத்துல வந்து இறக்கிக்கிட்டா போதும். மிளாருக்கு காசு வேணாம், டிரைவருக்கு டீக்கு குடுத்துடுங்க. அந்த அபார்ட்மெண்ட் சாருக்கும் வேணும்னா சொல்லச் சொல்லுங்க, ரெண்டா கட்டுறேன்.

வந்ததும் செய்ய வேண்டியது: அடியை ரெண்டு விரக்கடை அளவு திரும்ப ரம்பத்தால அறுத்துட்டு ராத்திரி பூரா தண்ணில நிக்க வைங்க, அப்பதான் தண்ணி இழுக்கும். நடுற பக்கெட்ல மணல் எப்பவும் ஈரமா இருக்கணும், காலையில ஒரு சொம்பு ஊத்துங்க. பத்தடின்னா மேல காத்து புடிக்கும், தூண்ல ஒரு கயிறு போட்டு இழுத்துக் கட்டுங்க. மெழுகுவத்தி ஆராதனை இருந்தா பிள்ளைங்களை அது பக்கத்துல நிறுத்தாதீங்க, நாலஞ்சு நாள்ல மேல் நுனி காய ஆரம்பிச்சுடும். 31ம் தேதி நடுராத்திரி ஆராதனை வரைக்கும் பச்சையா நிக்கணும்னா 22க்கு முன்னாடி வெட்டுனதை வாங்காதீங்க, 21 வெட்டு வேணாம்னு நானே டிரைவர்கிட்ட சொல்லிடறேன்.

பெரம்பூர்வாசி:
22 வெட்டே போதும் அண்ணே. உள்பெட்டியில நம்பர் அனுப்பியிருக்கேன், பாருங்க.

சும்மா_ஒரு_கேள்வி:
எங்களுக்கும் ஒண்ணு, எட்டடி. மீட்டிங்ல ஓகே ஆயிடுச்சு, போன வருஷ பிளாஸ்டிக் மரம் ரெண்டும் மோட்டார் ரூம்ல கிடைச்சுது, அதையும் ஒண்ணை ஒப்பேத்தி வைக்கிறதா இருக்காங்க. இன்னொண்ணு யாருக்காவது வேணுமா? ஆறடி, நல்ல நிலைமை, ஸ்டாண்டு கூட இருக்கு, கோயம்பேடு பக்கம் வந்து எடுத்துக்கணும்.

நர்சரி_செல்வி:
எனக்கு வேணும். கடையில கிறிஸ்மஸ் வரைக்கும் வாசல்ல நிக்க வைக்க. அரக்கேரியாவை வாசல்ல வச்சா வர்றவங்க எல்லாம் தலையைக் கிள்ளிப் பாக்குறாங்க.